கூப்பிடவில்லை என்று சொல்லப் போனவர்

மாசாய், ஜொகூர் பாரு
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு ரீத்தா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அமண்டாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி? காது டாக்டரிடம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். போன வாரம் மூன்று தடவை போன் பண்ணினேன். "யாரு? யாரு?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் பழையபடி கடிதமே.

அமண்டா கல்யாணம் முடிவாகிவிட்டது. ஜூன் 14, சனிக்கிழமை, மாலை மூன்று மணிக்கு எங்கள் கோயிலில் பூசை. மாப்பிள்ளை ஜோனதனை ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள், சிங்கப்பூரில் அவளோடு வேலை செய்கிற பையன். விருந்து சின்னது. இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது பேர், நம் பக்கம் முப்பது. அமண்டாவின் அப்பா பிரெட்ரிக் உயிரோடு இருந்தபோதே அவர் வைத்தியத்தில் கையிருப்பு கரைந்தது உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கி ஆயிரம் பேருக்குச் சோறு போட்டுவிட்டு வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்று அமண்டா ஒரே பிடியாக இருக்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். சொந்தக்காரர்களிடம் நியாயம் எடுபடுமா?

நம் ஊர் சாஆவில் ஒரு வீட்டைக் கூப்பிட்டால் எல்லா வீட்டையும் கூப்பிட வேண்டும். சின்னம்மா மகள் புஷ்பவள்ளியைக் கூப்பிட்டுவிட்டு அவள் தங்கை பிரேமலாவை விட முடியுமா? அந்த வீடுகளே முப்பது பேரைத் தாண்டிவிடும். ஆகவே அங்கிருந்து நீங்கள் மட்டும்.

ஓர் உதவி கேட்கிறேன். அழைப்பு என்றால் வெற்றிலைபாக்குத் தட்டோடு நேரில் போவதுதான் நம் வழக்கம். கூப்பிடவில்லை என்பதையும் அப்படி நேரில் போய்ச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் குறையும் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் யார் மூலமோ தெரிந்தால் ஜென்மப் பகை. நான் வந்தால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். நீங்கள் மூத்தவர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

பிரெட்ரிக் இருந்து செய்ய வேண்டியதை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும். பீடம் வரைக்கும் தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் நடப்பேன் என்று அமண்டா சொல்லிவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை ரீத்தா

---

சேசு மரி சூசை துணை

சாஆ
26 ஜனவரி 2025

அன்புத் தங்கை ரீத்தாவுக்கு அண்ணன் கிரகோரியின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீயும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

கடிதத்தைப் படித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? உன் அண்ணி ஐலீன் போன பிறகு இந்த வீட்டில் பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான். அதற்கும் சத்தம் போதாது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே காப்பிக்கடைக்குப் போய்க் கடை முதலாளியான சீன தௌகேயிடம் சொன்னேன். எத்தனை மேசை என்று கேட்டான். ஆறு என்றேன். "அலமாக், பர்த்டே பார்ட்டியா?" என்று சிரித்தான். காப்பிக்குக் காசு வாங்கவில்லை.

நீ சொன்ன வேலையைச் செய்துவிடுகிறேன். வராதே என்று சொல்லத் தட்டு ஏந்திப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒரு வசதி, அவர்கள் திட்டினால் பாதி காதில் விழாது.

முழங்காலைப் பற்றி இனிக் கேட்காதே. ஜூனுக்குள் அது சரியாகியே தீரும். எனக்குப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போதுமா, கோட்டு வேண்டுமா?

அண்ணன் கிரகோரி

---

மாசாய்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கு இருமல் எதுவும் இல்லையே?

பாத்தேக் வேண்டாம், கோட்டுதான். தோள் அளவும் கை அளவும் எழுதி அனுப்புங்கள். தைத்துப் பார்சலில் போடுகிறேன்.

நானும் அமண்டாவும் தினமும் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று என்னோடு பள்ளியில் படித்துக்கொடுத்த டீச்சர்கள் இருவரை அடித்தோம். ஷர்மினியையும் அமண்டா அடிக்கப் பார்த்தாள். பிரெட்ரிக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குத் துணையாகப் பெஞ்சில் படுத்துக் கிடந்தவள் அவள், அவளை எடுத்தால் என்னையும் எடுத்துவிடு என்றேன். அப்புறம் ஜோனதன் தன் நண்பன் ஒருவனை விட்டுக்கொடுத்தான். நல்ல பையன் அண்ணா.

சாஆவில் சொல்லிவிட்டீர்களா?

ரீத்தா

---

சேசு மரி சூசை துணை

சாஆ
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு, நான் நலம். உன் நலத்துக்கு எழுது. அளவு இத்துடன் இருக்கிறது. வயிற்றைக் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்.

முதலில் புஷ்பவள்ளி வீட்டுக்குத்தான் மோட்டார் சைக்கிளை விட்டேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு பெட்டி லட்டு. பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். "நம்ம அமண்டாவுக்கா? என்னிக்கி அண்ணே?" என்று கத்தினாள். அவள் புருஷன் அர்ச்சுனன் பனியனோடு இருந்தவர் ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். நான் தட்டை விடவில்லை.

"மச்சான், தட்ட குடுங்க."

"கொஞ்சம் இருங்க மாப்ள. இது கூப்பிடற தட்டு இல்ல."

"பின்ன?"

"கூப்பிடலன்னு சொல்ற தட்டு."

எனக்குத்தான் காதில் கோளாறு என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டார். நானும் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்து பார்த்தார். தேதி, செலவு, சின்ன மண்டபம், முப்பது பேர், எல்லாம் விளக்கினேன். புஷ்பவள்ளி லட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "அது வயசுக்கு வந்தப்போ மொத தண்ணி ஊத்துனது நான் அண்ணே. எனக்கு ஒரு ப்ளேட் சோறு இல்லியா லா?" என்று கேட்டாள். ரீத்தா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ஒன்று சொன்னேன். இருவரும் அடங்கிவிட்டார்கள். லட்டை எடுத்துக்கொண்டார்கள், காப்பி கொடுத்தார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். மற்ற வீடுகளில் அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். எங்கேயும் ஒரு சுடுசொல் இல்லை. என்ன சொன்னேன் என்று கேட்காதே. உன் காரியம் முடிந்தது.

கிரகோரி

---

மாசாய்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, தபசு காலத்தில் உடம்பை வருத்திக்கொள்ளாமல் ஒரு வேளையாவது நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு யோசனை. போன சனிக்கிழமை இங்கே பேரங்காடியில் பிரேமலாவைப் பார்த்தேன், மகன் வீட்டுக்கு வந்திருப்பாள் போல. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு, "நீங்க பெரிய ஆளுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புஷ்பவள்ளிக்கு மெசேஜ் போட்டால் படிக்கிறாள், பதில் இல்லை.

மனத்தாங்கல் இல்லை என்று எழுதினீர்களே. என்ன சொன்னீர்கள் அண்ணா? மறைக்காமல் எழுதுங்கள்.

ரீத்தா

---

சேசு மரி சூசை துணை

சாஆ
27 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நான் சுகம். கோட்டு வந்து சேர்ந்தது. வயிறு சரியாக இருக்கிறது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். புஷ்பவள்ளி ஒரு ப்ளேட் சோறு இல்லையா என்று கேட்டதும் எனக்கு எதைச் சொன்னால் அவள் மனம் ஆறும் என்று தெரியவில்லை. "என்னையே கூப்பிடலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவமானம் எல்லோருக்கும் பொது என்றால் வலி குறையும், அவ்வளவுதான் என் கணக்கு. குறையத்தான் செய்தது, ஆனால் அவர்களுடைய கோபம் தங்களுக்காக இல்லாமல் எனக்காக என்று ஆகிவிட்டது. தாய்மாமனையே ஒதுக்கிவிட்டாளா என்று அர்ச்சுனன் மேசையில் குத்தினார். இல்லை, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்ற வீடுகளிலும் அதையே சொன்னேன். நான் செய்தது முட்டாள்தனம்.

நீ பயப்படாதே, நான் கல்யாணத்துக்கு வருவேன். அன்று காலை பஸ் ஏறி யோங் பெங் போய் அங்கிருந்து ஜொகூர் பாரு பஸ்ஸைப் பிடித்து, இரவே திரும்பிவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கார் மட்டும் அனுப்பாதே. வாசலில் கார் நின்றால் ஊரே பார்க்கும்.

இங்கே எல்லோரும் என்மேல் ரொம்பப் பரிவாக இருக்கிறார்கள். நேற்று பிரேமலா மீன்கறி கொடுத்தனுப்பினாள்.

கிரகோரி

---

மாசாய்
4 மே 2025

அண்ணா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. தாய்மாமனைக் கூப்பிடாமல் கல்யாணம் பண்ணுகிறவள் என்று நம் ஆட்கள் அத்தனை பேரிடமும் என் பெயரைக் கெடுத்துவிட்டு, மீன்கறி வந்தது என்று எழுதுகிறீர்கள். அந்த மீன்கறி எப்படி இறங்கியது உங்களுக்கு?

இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அமண்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் எல்லோரையும் கூப்பிடுவோம், கடன் வாங்குவோம் என்று கிளம்பிவிடுவாள்.

போகட்டும். ஊர் பேசுவதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து அவள் பக்கத்தில் நின்றால் எனக்கு அது போதும். கார் அனுப்பவில்லை. பஸ்ஸைத் தவறவிடாதீர்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

ரீத்தா

---

25 மே 2025

டியர் மாமா,

ஹவ் ஆர் யூ? நலமா? நான் தமிழில் எழுதி ரொம்ப வருசம் ஆச்சு, ஆறாம் வகுப்போட சரி. மிஸ்டேக் இருந்தா அம்மாகிட்ட சொல்லாதீங்க, டீச்சர் மகள்னு மானம் போயிடும்.

கோயில் வாசல்ல உங்க வலது பக்கம் நிப்பேன். நீங்க வலது கையை மடக்கி வையுங்க, நான் பிடிச்சுக்குவேன். மெதுவா நடப்போம், உங்க முழங்காலுக்காக பாட்டு ஸ்லோவா வாசிக்கச் சொல்லிட்டேன். அப்பா இடத்துல வேற யாரையும் என்னால நினைச்சுப் பாக்க முடியல மாமா. எனக்கு நெர்வசா இருக்கு. நீங்க இருந்தா ஓகே லா.

சீக்கிரம் வந்துடுங்க.

லவ்,
அமண்டா

---

சேசு மரி சூசை துணை

சாஆ
15 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு, புது மணமக்களை ஆண்டவர் நிறைவாக ஆசீர்வதிக்கட்டும். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று விடியும் முன்பே எழுந்து சவரம் செய்து கோட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது நானா என்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வேன் வந்து நின்றது. புஷ்பவள்ளி மகன் சுகுமாறன் ஓட்டி வந்தான். புஷ்பவள்ளி சாப்பாட்டு அடுக்குச் சட்டியோடு இறங்கினாள், அர்ச்சுனன் இறங்கினார், பிரேமலா, அவள் பேரப்பிள்ளைகள். பின்னால் இன்னொரு கார்.

கோட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அண்ணே, இன்னிக்கி ஒரு நாளு ஒங்கள தனியா விட்டா நாங்க மனுசங்களா?" என்றாள் புஷ்பவள்ளி, என் காதருகே வந்து.

"அவங்க கூப்பிடாட்டி போட்டும் மச்சான். நாங்க இல்லியா?" என்றார் அர்ச்சுனன். சுகுமாறன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாமா ஷேவ் பண்ணி வெள்ளச் சட்டை எல்லாம் போட்டிருக்காரே" என்றான். "கல்யாண நாளு இல்லியாடா. மனசு கேக்குமா?" என்று சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரேமலா என் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழைப்பு உண்டு, உங்களுக்கு மட்டும்தான் இல்லை என்று அந்த முகங்களைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? பஸ் போகிற நேரத்தில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. எடுத்தாயா என்றுகூடத் தெரியாது. பிறகு கொஞ்ச நேரம் வலது கையை மடக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வெளியே எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அப்படித் தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை, உன் அண்ணியைப் புதைத்த அன்றுகூட.

அமண்டாவிடம் எதையாவது சொல். என்னை மன்னிக்கச் சொல்லாதே.

கிரகோரி

---

மாசாய்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, நான் இருக்கிறேன். நீங்கள் சுகமா?

போனை எடுத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே "வரல ரீத்தா, நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். கோயில் வாசலில் நின்று அண்ணா அண்ணா என்று கத்தினேன். ஜோனதன் வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பாட்டு வாசிக்கிறவர் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் கூட வரட்டுமா என்று அமண்டாவைக் கேட்டேன். "வேணாம்மா, மாமா எடம் காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தாள். மெதுவான பாட்டு அண்ணா, நடந்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. விருந்தில் உங்கள் நாற்காலியில் வேறு யாரையும் நான் உட்கார விடவில்லை.

அவளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரிலேயே வீடு எடுத்துவிட்டார்கள். போன மாதம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அழுதாள், பிறகு உங்கள் பஸ் திட்டத்தை நினைத்துச் சிரித்தாள்.

இந்த மாதக் கடைசியில் நான் சாஆவுக்கு வருகிறேன். வெற்றிலைபாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். திட்டட்டும், பரவாயில்லை. செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

ரீத்தா

---

சேசு மரி சூசை துணை

சாஆ
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு, நான் சுகம். அமண்டா சிரித்தாள் என்று படித்ததும் மூச்சு வந்தது.

நீ வராதே, ரீத்தா.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஐலீன் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவரவருக்குப் பிழைப்பு இருக்கிறது. காப்பிக்கடை, வீடு, தொலைக்காட்சி, அவ்வளவுதான் என் நாள். உனக்கு ஒரு தடவையும் இதை எழுதவில்லை. எழுதினால் நீ என்ன செய்ய முடியும்?

கல்யாண நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்கள். சோறு கொண்டுவருகிறார்கள். அர்ச்சுனன் என்னோடு தாயம் ஆடுகிறார், பொய்யாட்டம் ஆடுகிறார். பிரேமலாவின் பேத்தி என் காதுக்குள் கத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். தங்கை தூக்கியெறிந்த மனுஷன் என்றுதான் அவர்கள் வருகிறார்கள். நீ வந்து உண்மையைச் சொன்னால் சண்டை போடமாட்டார்கள். வருவதை நிறுத்திவிடுவார்கள்.

உன் நல்ல பெயரைக் கேட்கிறேன். கேட்கக் கூடாதுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு எப்போதும் போல உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சிகாமட்டில் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

கிரகோரி

---

மாசாய்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால், காது, எல்லாம் எப்படி?

கோபத்தில்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. முதலில் உங்கள் மேல் கோபம். அப்புறம் அவர்கள் மேல். அப்புறம் அண்ணி போனதிலிருந்து ஆறு வருடமாக உங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக விட்டிருந்த என் மேல்.

நான் சாஆவுக்கு வரவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன். அந்தப் பெயர் எனக்கே இருக்கட்டும். அதனால் உங்களுக்குச் சோறும் ஆளும் வருகிறதென்றால் வரட்டும்.

கிறிஸ்மஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா. நீங்கள் ஜொகூர் பாரு பஸ்ஸில் ஏறுவதை ஒருவர் பார்த்தாலும் எல்லாம் போச்சு. புஷ்பவள்ளி வீட்டிலேயே சாப்பிடுங்கள். கேட்டால், ரீத்தா கூப்பிடவில்லை என்று சொல்லுங்கள். இந்தத் தடவை அது பொய்யில்லை.

அமண்டாவுக்கு இந்த வருடம் ஜோனதன் வீட்டில் கிறிஸ்மஸ். பலகாரம் சுடத் தேவையில்லை, எனக்கு வேலை மிச்சம்.

மழை தொடங்கிவிட்டது, மோட்டாரில் பார்த்துப் போங்கள்.

உங்கள் தங்கை
ரீத்தா